கோலப்புள்ளி எண்ணத் தெரிந்தவளுக்கு வங்கித் தேர்வுக் கணக்கு வராதா?



பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. என்று படித்துவிட்டு, கல்யாணம், குழந்தை என்று அடுப்படியோடு நின்றுவிட்ட பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களிடம் "பேங்க் பரீட்சை எழுதேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயையோ, அதுல கணக்கும் ரீசனிங்கும் வருமே, எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது" என்பார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பரீட்சைக்கு டிகிரி வேண்டும் என்பதால் நான் எழுத முடியாது. ஆனால், இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் ஒருத்தியை எழுத வைத்துக் கொண்டிருக்கிறேன். அதில் நான் தெரிந்துகொண்டதை நாலு பேருக்குச் சொன்னால் உபயோகப்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

அவள் என் ஓர்ப்படி. வயது 32. பி.காம். படித்தவள். என் கொழுந்தனார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் குழந்தை. ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவாள்; கால் வீங்கியிருக்கும். "நீ பேங்க் பரீட்சை எழுதினா என்ன?" என்று கேட்டதற்கு, "28 வயசு தாண்டியாச்சேக்கா, இனிமே எங்கே?" என்று பெருமூச்சு விட்டாள்.

பலருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலைக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில் பொதுவான வயது வரம்பு 20 முதல் 28. ஆனால் கணவரை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள், சட்டப்படி கணவரைப் பிரிந்தவர்கள், இவர்கள் மறுமணம் செய்துகொள்ளாமல் இருந்தால், பொதுப் பிரிவினருக்கு 35 வயது வரையும், ஓ.பி.சி. பிரிவினருக்கு 38 வரையும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 வரையும் சலுகை உண்டு. அதற்குரிய சான்றுகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இதைப் பேப்பரில் காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்னொரு நல்ல செய்தி. 2021-க்குப் பிறகு இந்தக் கிளார்க் தேர்வின் கேள்விகள் தமிழிலும் வருகின்றன. ஆங்கிலப் பகுதி மட்டும்தான் ஆங்கிலத்தில் இருக்கும்.

முதல்நிலைத் தேர்வில் 100 கேள்வி. ஆங்கிலம் 30, கணக்கு 35, ரீசனிங் 35. ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம். அதாவது கணக்கில் ஒரு கேள்விக்கு 34 விநாடிதான். தப்பாகப் பதில் போட்டால் கால் மார்க் போய்விடும். நாலு தப்பு, ஒரு சரியான பதிலைத் தின்றுவிடும். ஆக, இது பெரிய கணிதப் பரீட்சை இல்லை. சட்டென்று மனக்கணக்குப் போடும் பரீட்சை. மனக்கணக்கு நமக்குப் புதுசா சகோதரிகளே?

கணக்கு

சதவீதம்தான் எல்லாவற்றுக்கும் தாய். 640-ல் 15 சதவீதம் எவ்வளவு? பேனாவே வேண்டாம். பத்து சதவீதம் 64. அதில் பாதி 32. கூட்டினால் 96. இன்னொரு சின்ன வித்தை. 50-ல் 18 சதவீதம் என்று கேட்டால் திருப்பிப் போடுங்கள். 18-ல் 50 சதவீதம், அதாவது பாதி, 9. இரண்டும் ஒன்றேதான்.

ஆடித் தள்ளுபடிக்குப் போகிறோம். "20 சதவீதம் தள்ளுபடி, அதுக்கு மேல இன்னொரு 10 சதவீதம்" என்கிறார்கள். 30 சதவீதம் கிடைத்தது என்று நினைத்தால் ஏமாந்தோம். 1000 ரூபாய் புடவை முதலில் 800 ஆகிறது. அடுத்த பத்து சதவீதம் 800-க்குத்தான், அது 80. ஆக 720. கிடைத்த தள்ளுபடி 28 சதவீதம். இதே கேள்வி பரீட்சையிலும் வரும்.

வட்டியைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம். "இரண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாசம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம் என்று படிக்காத பாட்டிகூடச் சொல்வாள். 5000 ரூபாய்க்கு 8 சதவீதத் தனிவட்டி 3 வருஷத்துக்கு எவ்வளவு? ஒரு சதவீதம் 50, எட்டு சதவீதம் 400, மூன்று வருஷத்துக்கு 1200. கூட்டுவட்டி என்றதும் பயம் வேண்டாம். வட்டிக்கு வட்டி, அவ்வளவுதான். 5000-க்கு 10 சதவீதம், இரண்டு வருஷம். முதல் வருஷம் 500. அடுத்த வருஷம் 5500-க்கு 550. மொத்தம் 1050. தனிவட்டி என்றால் 1000. அந்த 50 எங்கிருந்து வந்தது? முதல் வருஷத்து 500-க்கு வந்த வட்டி. இதைப் புரிந்துகொண்டால் சூத்திரம் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

ஆள்-வேலைக் கணக்குக்கு என் ஓர்ப்படி ரொம்பப் பயந்தாள். "மாமியார் 12 மணி நேரத்தில் முடிக்கும் அப்பளத்தை மருமகள் 6 மணியில் முடிப்பாள். சேர்ந்து இட்டால் எத்தனை மணி நேரம்?" எத்தனை அப்பளம் என்று கேள்வியில் இருக்காது. 12-க்கும் 6-க்கும் மிச்சமில்லாமல் வகுபடுகிற ஒரு எண்ணை, 120 என்று நாமே வைத்துக்கொள்வோம். மாமியார் மணிக்கு 10, மருமகள் மணிக்கு 20. சேர்ந்து 30. ஆக 4 மணி நேரம். தண்ணீர்த் தொட்டி, குழாய்க் கணக்கும் இதே வழிதான். ஓட்டைக் குழாய் இருந்தால் மட்டும் அதைக் கழித்துவிட வேண்டும்.

பால் கணக்கு. 40 லிட்டரில் 10 சதவீதம் தண்ணீர். அது 20 சதவீதம் ஆக இன்னும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்? எது மாறவில்லை என்று முதலில் பாருங்கள். பால் மாறவில்லை, 36 லிட்டர். புதுக் கலவையில் அதுதான் 80 சதவீதம். 80-க்கு 36 என்றால் 20-க்கு 9. மொத்தம் 45. ஊற்ற வேண்டியது 5 லிட்டர்.

ரயில் கணக்கில் கிலோ மீட்டரை விநாடிக்கு மீட்டராக மாற்ற 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுக்க வேண்டும். 72 கிலோ மீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். 200 மீட்டர் ரயில் ஒரு கம்பத்தைத் தாண்ட 10 விநாடி. 300 மீட்டர் பிளாட்பாரத்தைத் தாண்டினால் தன் நீளத்தையும் சேர்த்து 500 மீட்டர், 25 விநாடி.

எண் வரிசை என்று ஒன்று உண்டு. 5, 9, 17, 29, 45, அடுத்து என்ன? பக்கத்து எண்களின் வித்தியாசத்தைக் கீழே எழுதுங்கள்: 4, 8, 12, 16. அடுத்தது 20. விடை 65. மார்கழியில் "7 புள்ளி, இடைப்புள்ளி, 4 வரை" என்று கோலம் போடுகிறோமே, 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளி, அதுவும் எண் வரிசைதானே! இதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குச் சிரிப்பே வந்தது.

ரீசனிங்

வட்டமாக உட்காரும் கேள்விகள் இல்லாமல் தேர்வே கிடையாது. கும்மியடிக்கும்போது எல்லோரும் நடுவைப் பார்த்து நிற்கிறோம் இல்லையா? அப்போது நம் வலது கைப் பக்கம் நகர்ந்தால், மேலிருந்து பார்க்கிறவருக்குக் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாகத் தெரியும். எல்லோரும் வெளியே பார்த்து நின்றால் இது தலைகீழ். இது ஒன்று மனசில் பதிந்தால் பாதிக் கேள்வி முடிந்தது.

ஒன்று போட்டுப் பார்ப்போம். ஆறு பேர் நடுவைப் பார்த்து வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தைக்கு நேர் எதிரே பாட்டி. அத்தைக்கு வலது பக்கத்தில் அண்ணி. அண்ணிக்கும் பாட்டிக்கும் நடுவில் சித்தி. அக்கா, அத்தைக்குப் பக்கத்தில் இல்லை. மீதி இருப்பது அம்மா. அக்காவுக்கு எதிரே யார்? ஒரு தட்டைச் சுற்றி ஆறு டம்ளர் வைத்துப் பாருங்கள். அத்தையிலிருந்து வலமாக அண்ணி, சித்தி, பாட்டி வந்துவிடுவார்கள். மிச்சம் இரண்டு இடம். அத்தைக்குப் பக்கத்து இடம் அக்காவுக்குக் கிடையாது, அது அம்மாவுக்கு. அக்கா பாட்டிக்குப் பக்கத்தில். அவளுக்கு எதிரே அண்ணி. நிச்சயமாகத் தெரிந்தவரை முதலில் உட்கார வைத்துவிட்டு, சந்தேகமானவரைக் கடைசியில் வைக்க வேண்டும். பந்தியில் இடம் போடுவது போலத்தான்.

உறவுமுறைக் கேள்வியில் நாம்தான் ராணி. ஆனால் ஒரு எச்சரிக்கை. அத்தை மகனைக் கட்டியவளுக்கு அத்தையேதான் மாமியார். அந்த நினைப்பைத் தேர்வு அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கேள்வியில் எழுதியிருக்கிற உறவு மட்டும்தான் உறவு. "இவன் என் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் ஒரே மகனுடைய மகன்" என்று ஒருத்தி போட்டோவைக் காட்டிச் சொன்னால், தாத்தாவின் ஒரே மகன் அவளுடைய அப்பா. அவர் மகன் அவளுக்குச் சகோதரன். மூத்தவனா இளையவனா என்று நாமாகச் சேர்க்கக் கூடாது. பெரியவர்களை மேலே, பிள்ளைகளைக் கீழே, தம்பதியைப் பக்கத்தில் என்று மரம் மாதிரி எழுதினால் குழப்பம் வராது.

திசைக் கேள்விக்குச் சாமி விளக்கு முன்னால் கிழக்கு பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலது கை தெற்கு, இடது கை வடக்கு. கிழக்கே 6 மீட்டர் நடந்து, வலது பக்கம் திரும்பி 8 மீட்டர் நடந்தால், புறப்பட்ட இடத்துக்கு எந்தத் திசையில் எவ்வளவு தூரம்? தென்கிழக்கு, நம் அக்னி மூலை. நேர்த் தூரம் 10 மீட்டர். 3-4-5, 6-8-10, 5-12-13 ஆகிய மூன்று கூட்டணியும் மனப்பாடமாக இருந்தால் போதும்.

"எல்லாப் பானைகளும் குடங்கள். சில குடங்கள் வாளிகள். ஆகவே சில பானைகள் வாளிகள்" என்று வரும் கேள்விக்கு வளையல்தான் வழி. பெரிய வளையல் குடம், அதற்குள் சின்ன வளையல் பானை. வாளி வளையலைப் பெரியதன் ஓரத்தில் மட்டும் படுகிற மாதிரியும் வைக்க முடிகிறது, சின்னதைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அந்த முடிவு நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாததை "ஆம்" என்று போடக் கூடாது.

வீட்டில் செய்தது

ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் அவளுக்கு. அந்த நேரத்தில் பாத்திரம் என் பொறுப்பு. 20 வரை வாய்ப்பாடு, 30 வரை வர்க்கம், எட்டில் ஒன்று 12.5 சதவீதம், ஆறில் ஒன்று 16.66 சதவீதம் என்கிற பின்னப் பட்டியல், இவற்றைப் பழைய காலண்டரின் பின்பக்கம் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். அரிசி களையும்போது நான் கேட்பேன், அவள் சொல்வாள். தேர்வு கம்ப்யூட்டரில் நடப்பதால், ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வை மணி பார்த்து எழுதினாள். ஒரு கேள்வி வழி பிடிபடாவிட்டால் அடுத்ததற்குப் போய்விட வேண்டும் என்பதைப் பழக்கிக்கொள்ளத்தான் அவளுக்கு அதிக நாள் ஆயிற்று.

எங்கள் மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "இந்த வயசுல என்னத்துக்கும்மா பரீட்சை? இருக்கிற வேலையைப் பார்த்தா பத்தாதா?" என்றார். நான் ஒன்றுதான் சொன்னேன்: "அத்தை, நாமெல்லாம் இன்னும் எத்தனை வருஷம் இவளுக்குத் துணையா இருக்க முடியும்? அந்தப் பிள்ளையை இவதானே கரையேத்தணும்." அப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, "பதினேழெட்டு எத்தனை?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் தடவை அவளுக்குக் கட்-ஆஃப் எட்டவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானாகவே நோட்டை எடுத்தாள். இரண்டாவது தடவை முதல்நிலைத் தேர்வில் தேறி, முதன்மைத் தேர்வும் எழுதிவிட்டாள். முடிவுக்குக் காத்திருக்கிறோம். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் எங்களுக்கு ஓ.பி.சி. சலுகை உண்டு, 38 வரை வயது இருக்கிறது. போன வாரம் ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்திருக்கிறார்கள். சம்பளமும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ, தெருவிலோ இப்படி ஒருத்தி இருக்கக்கூடும். தங்கையோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ. "பாவம்" என்று பேசிவிட்டுப் போகாமல், அந்த வருஷத்து அறிவிப்பை வாங்கி அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். வயது, சான்றிதழ், கடைசித் தேதி மூன்றையும் முதலில் சரி பாருங்கள். பிறகு தினமும் ஒன்றரை மணி நேரம் அவளை வேலையிலிருந்து விடுவியுங்கள். கணக்கு தானாக வரும்.

- ஒரு வாசகி, விருதுநகர்