எளிய கேமராவும் வீட்டு ஒளியும்

நுழையும்முன்

விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் நல்ல ஒளிப்படம் எடுக்க முடியும் என்று பலர் எண்ணுகின்றனர். எளிய கேமராவைக் கொண்டு வீட்டிலேயே இக்கலையைப் பழகும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மூணாற்றுக்கு அருகில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் சித்திரபுரம். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் மலைப்பகுதி இது. ஒரு காலத்தில் இம்மலையில் தேயிலை ஏற்றிச் செல்லத் தொடர்வண்டி ஓடியது. குண்டளைப் பள்ளத்தாக்கில் அமைந்த அந்த இருப்புப்பாதையை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' எனக் கேரள மக்கள் குறிப்பிடுவர். பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. அத்தொடர்வண்டியின் தோற்றத்தை இன்று பழைய ஒளிப்படங்களில்தான் காண இயலும்.

ஒளிப்படக்கலை தொடக்கத்தில் செல்வர்க்கும் தொழில்முறைக் கலைஞர்க்கும் மட்டுமே எட்டியது. 1900-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் 'பிரவுனி' என்னும் எளிய பெட்டிக் கேமராவை ஒரு டாலர் விலையில் விற்கத் தொடங்கியது. அதன்பின் சிறுவரும் படமெடுக்கப் பழகினர். இன்று வீட்டிலுள்ள பழைய கேமராவோ கைப்பேசியோ அப்பயிற்சிக்குப் போதுமானது.

எல்லாக் கேமராக்களும் ஒரே அடிப்படையில் இயங்குகின்றன. வில்லை வழியாக ஒளி உள்ளே நுழைகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் வரை அது பதிவாகிறது. ஒளி குறைந்த அறையில் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும். அப்போது கை சிறிது அசைந்தாலும் படம் கலங்கிவிடும். கேமராவை மேசைமீதோ சுவரின்மீதோ ஊன்றி எடுத்தால் இக்குறை நீங்கும்.

முதற்பயிற்சிக்குச் சன்னலே சிறந்த இடம். சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒருவர் அமர்ந்தால் முகம் இருண்டு தெரியும். அவரையே சன்னலுக்குப் பக்கவாட்டில் அமரச் செய்தால், முகத்தின் ஒருபுறம் ஒளியும் மறுபுறம் மென்மையான நிழலும் விழும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளில் ஒரே பொருளைப் படமெடுத்து ஒப்பிட்டால் ஒளியின் இயல்பு விளங்கும்.

மலையூரில் மூடுபனியும் ஒரு பாடம் கற்பிக்கிறது. தானியங்கிக் கேமரா எக்காட்சியையும் நடுத்தர ஒளியளவுக்குக் கொண்டுவர முயலும். ஆதலால் வெண்பனி சாம்பல் நிறமாகப் பதியும். ஒளியளவைச் சற்றுக் கூட்டினால் பனி வெண்மையாகத் தோன்றும். குளிரில் இருந்த கேமராவை வெதுவெதுப்பான அடுக்களைக்குள் கொண்டு சென்றால் வில்லையில் நீர்த்திவலை படியும்; அதைப் பைக்குள்ளேயே சிறிது நேரம் வைத்திருந்து பின் எடுத்தல் நலம்.

எதைப் படமெடுப்பது? மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார், மீன் விற்கும் தம் தாயின் வாழ்வையும் தூய்மைப் பணியாளர் போன்ற உழைக்கும் மக்களின் வாழ்வையும் பதிவுசெய்தவர். தயானிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருது 2022-இல் முதன்முதலாக இவருக்கே வழங்கப்பட்டது. கொழுந்து கூடையுடன் திரும்பும் பாட்டி, லயத்து வாசல், அடுப்படி ஆகியனவும் இத்தகைய பதிவுக்கு உரியனவே. படமெடுக்குமுன் உரியவரின் இசைவைப் பெறுதல் வேண்டும். படத்துடன் அவர் பெயர், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். குறிப்பில்லாத படத்தில் உள்ளவர் யார் என்பதைப் பேரப்பிள்ளைகள் அறிய வழியிராது.

சொல்லும் பொருளும்

வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
திவலை – சிறு துளி
இசைவு – ஒப்புதல்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு

பயிற்சி

1. மூடுபனி சாம்பல் நிறமாகப் பதிவதற்குக் காரணம் யாது?
2. குண்டளை இருப்புப்பாதை குறித்து மூன்று தொடர்களில் எழுதுக.
3. வீட்டில் மூத்தவர் ஒருவரைச் சன்னலருகே அமரச் செய்து படமெடுத்து, அவர் பிறந்த ஊர், இங்கு வந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு ஐந்து வரிகளில் குறிப்பு எழுதுக.