ஓட்டைக் காலணா: போர் துளைத்த காசு

கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் அஞ்சறைப் பெட்டியையோ தாத்தாவின் தகரப் பெட்டியையோ கவிழ்த்தால், நடுவில் பெரிய வட்ட ஓட்டையோடு செம்பு நிறக் காசு ஒன்று உருண்டு வரக்கூடும். அதுதான் ஓட்டைக் காலணா. ஒரு பக்கம் கிரீடமும் ஆண்டும் மதிப்பும், மறுபக்கம் ஓட்டையைச் சுற்றி ஓர் இலைவளையம். ஆட்சியில் இருந்தவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர். ஆனால் தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளி. பிறந்தது 1943இல். 1947ஆம் ஆண்டு பொறித்த காசுகளோடு அதை அடிப்பது நின்றுவிட்டது. இவ்வளவு குறைந்த ஆயுள் கொண்ட காசு இத்தனை பேர் நினைவில் நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அன்றைய கணக்கு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு நான்கு காலணா. காலணாவுக்கு மூன்று தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. 1940களின் தொடக்கத்தில் ஓர் அஞ்சலட்டை வாங்க 9 தம்பிடி, அதாவது மூன்று காலணா வேண்டியிருந்தது.

ஓட்டை ஏன் வந்தது? இரண்டாம் உலகப்போர். துப்பாக்கித் தோட்டாவின் உறை பித்தளை. அதில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு. காலணாவோ பெரும்பகுதி செம்பாலானது. போர்க்களத்துக்கும் சில்லறைப் பைக்கும் ஒரே உலோகத்தின் மேல் போட்டி. ஓட்டை விழுவதற்கு முந்தைய காலணா 75 கிரெயின் எடை, நம் அளவில் 4.86 கிராம். ஓட்டைக் காலணா சுமார் 2 கிராம்தான். பழைய காசு இரண்டை உருக்கினால் புதிய காசு ஐந்து அடிக்கலாம். ஒரு ரூபாய்க்கு உரிய 64 காலணாவுக்கு முன்பு 311 கிராம் உலோகம் போனது. இப்போது 125 கிராமுக்குள் முடிந்தது. தகட்டிலிருந்து வில்லையை வெட்டும்போது நடுவையும் வெட்டியெடுத்து, அந்தத் துண்டை மீண்டும் உலைக்கே அனுப்பிவிடுவார்கள். காசை அப்படியே சிறிதாக்கியிருந்தால் விரலில் நிற்காமல் நழுவும், மற்ற காசுகளோடு குழம்பும். ஓட்டை போட்டதால் சுமார் 21 மில்லிமீட்டர் அகலம் கிடைத்தது, இருட்டிலும் தடவிப் பார்த்துச் சொல்ல முடிந்தது. நெருக்கடியில் பிறந்த நல்ல வடிவமைப்பு என்றே இதைச் சொல்வேன்.

உலோகம் மட்டும் அல்ல, சில்லறையே அன்று பெரும்பாடு. 1940இல் வெள்ளி ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வந்தது. மக்கள் காசுகளைப் பதுக்கத் தொடங்கினார்கள். தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதே குற்றம் என்று அரசு விதி போட்டது. சமஸ்தானங்கள் சில, அட்டையில் சில்லறை அச்சிட்டன. பம்பாய், கல்கத்தா அக்கசாலைகள் போதாமல் 1943இல் லாகூரில் புதிய அக்கசாலை திறந்தார்கள். கடல்கடந்து தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் இந்தக் காலணா அடிக்கப்பட்டது.

எதிரணியிலும் இதே கதை நடந்தது. ஜப்பானில் யென்னின் நூறில் ஒரு பங்கு சென். ஒரு சென் அலுமினியக் காசு 0.9 கிராமில் தொடங்கி 0.65, பிறகு 0.55 கிராம் என்று இளைத்தது. 1944இல் அலுமினியமும் விமானத்துக்கே வேண்டியதாகி, காசு வெள்ளீயக் கலவைக்கு மாறியது. ஐந்து, பத்து சென் வெள்ளீயக் காசுகளுக்கு நடுவில் ஓட்டையும் விழுந்தது. போருக்குப் பின் விலைவாசி ஏறிய வேகத்தில் சென் பொருளிழந்து, 1953 முடிவோடு செல்லாததாகிவிட்டது.

நம் காலணாவுக்கு வேறொரு விதி காத்திருந்தது. ஓட்டை இருந்ததால் அது காசாக மட்டும் இருக்கவில்லை. போர்க்கால இரும்புத் தட்டுப்பாட்டில் வாஷர் கிடைப்பது அரிதானபோது, போல்ட்டுக்கு அடியில் காலணாவைப் போட்டு முடுக்கினார்கள். இது இந்தியா முழுக்க நடந்தது. கோவையில் இது நடக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகிய ஊர், 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர். சந்துக்கொரு பட்டறை இருந்த இடத்தில், கையில் கிடைத்த வட்டத் தகட்டை யார் விடுவார்கள்? வீட்டிலோ அது குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஏறியது.

சுதந்திர இந்தியா 1950இல் வெளியிட்ட காலணாவில் ஓட்டை இல்லை. ஒரு பக்கம் அசோகச் சிங்கங்கள், மறுபக்கம் குதிரை. பாகிஸ்தான் 1948இல் வெளியிட்ட தன் முதல் பைசாவில் ஓட்டையை அப்படியே வைத்துக்கொண்டது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. ஒரு காலணா என்பது 1.5625 நயா பைசா. முழு எண்ணாக்கியபோது ஒரு காலணாவுக்கு இரண்டு நயா பைசா, ஆனால் நான்கு காலணா சேர்ந்த ஓர் அணாவுக்கு ஆறுதான். கடைக்காரரும் வாங்குபவரும் எத்தனை முறை முட்டிக்கொண்டிருப்பார்கள்! சில ஆண்டுகள் இரண்டு கணக்கும் ஒன்றாக ஓடி, பழைய காசுகள் மெல்ல மறைந்தன.

கோவை அருகே வெள்ளலூரில் கிடைத்த உரோமானிய வெள்ளிக்காசுகளைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசவேண்டியதுதான். ஆனால் வெள்ளியும் பொன்னும் வணிகனின் கதையைச் சொல்பவை. சந்தையில் கீரை வாங்கியவளின் கதையைச் சொல்வது செம்புச் சில்லறை. கரூர் அமராவதிப் படுகையில் கிடைத்த சின்னஞ்சிறு செம்புக்காசுகளை ஆய்வாளர்கள் மதிப்பதும் அதனால்தான். காலணாவுக்கும் அந்த மரியாதை கிடைக்கவேண்டும்.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே படிந்த பழுப்பு போனால் காசின் மதிப்பும் போகும். ஆண்டைப் பாருங்கள். ஆங்கில ‘எல்’ எழுத்து இருந்தால் அது லாகூரில் அடித்தது. அந்தக் காசு எப்படி வீட்டுக்கு வந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், அந்தக் குறிப்போடு சேர்த்துக் கோவை, ஈரோடு, கரூர் அரசு அருங்காட்சியகங்களில் ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள்.