வெண்மையும் வேண்டும், பற்சிப்பியும் வேண்டும்!

தை பிறந்தால் கல்யாணப் பேச்சும் பிறந்துவிடும். மண்டபம், பட்டுப்புடவை, மேளம், புகைப்படம், வீடியோ என்று நீளும் செலவுப் பட்டியலில் இப்போது பல்லும் இடம் பிடித்துவிட்டது. மணப்பெண் மட்டுமல்ல, மாப்பிள்ளையும் “பல்லை வெள்ளையாக்கிக் கொள்ள வேண்டும்” என்கிறார். நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞர்களுக்கும் இதே ஆசைதான். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய வருத்தத்தை வீண் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டபோது நேயர்கள் பலவிதமான கேள்விகளைக் கேட்டார்கள். ஆனால் எல்லாக் கேள்விகளிலும் இருந்த அச்சம் ஒன்றுதான். பல்லை வெண்மையாக்கினால் எனாமல் கெட்டுப்போகுமா?

சுருக்கமான பதில் இது. பல் மருத்துவரின் கண்காணிப்பில், சரியான அளவில் செய்துகொண்டால் எனாமலுக்கு நிலையான பாதிப்பு வருவதில்லை. எலுமிச்சையும் கரியும் வைத்துத் தேய்ப்பதும், பெயர் தெரியாத ஜெல்லை இணையத்தில் வாங்கிப் பூசுவதும்தான் ஆபத்து. அப்படி எனாமல் தேய்ந்துவிட்டால் பல் வெள்ளையாகாது. முன்பைவிட மஞ்சளாகத்தான் தெரியும். ஏன் என்று பார்ப்போம்.

போனால் திரும்பாத கவசம்

எனாமலைத் தமிழில் பற்சிப்பி என்கிறோம். மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறு கிடையாது. எலும்புகூட இதற்கு அடுத்துத்தான். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள்தான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கடைவாய்ப் பல்லின் மேட்டில் இதன் கனம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். ஈறை நெருங்க நெருங்க இது மெலிந்துகொண்டே போகும்.

இவ்வளவு உறுதியான பற்சிப்பிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதில் உயிரணுக்கள் இல்லை. பற்சிப்பியை உருவாக்கிய உயிரணுக்கள் பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், வெட்டிய நகம் வளரும். பற்சிப்பி தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

ஆனால் உமிழ்நீர் நமக்கு ஓர் உதவி செய்கிறது. அமிலம் பட்டு மேற்பரப்பு சற்று மிருதுவாகிவிட்டால், உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கே மீண்டும் படிந்து அதை இறுகச் செய்கின்றன. பற்பசையிலுள்ள புளோரைடு இதற்குத் துணை நிற்கிறது. மிருதுவானது இறுகலாம், ஆனால் இழந்த கனம் திரும்ப வராது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

பற்சிப்பி ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதன் அடியில் டென்டின் என்னும் தந்தினிப் படலம் இருக்கிறது. அதன் இயல்பான நிறமே மஞ்சள்தான். வயதாக ஆகப் பற்சிப்பி மெலிந்து, அடியில் உள்ள மஞ்சள் கூடுதலாக வெளியே தெரிகிறது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு முளைக்கும் புதிய முன்பற்கள் பால் பற்களின் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிவதைக் கண்டு தாய்மார்கள் பதறுவதுண்டு. நிலைப்பற்களின் நிறம் அப்படித்தான். அது நோயல்ல.

கறைகளில் இரண்டு வகை உண்டு. தே தாரிக், கோப்பி, சிகரெட், வெற்றிலை பாக்கு ஆகியவற்றால் வருவது வெளிக்கறை. இதற்குப் பெரும்பாலும் வெண்மைச் சிகிச்சையே தேவைப்படாது. பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொண்டாலே போதும். ‘ஸ்கேலிங் செய்தால் பல்லுக்கு நடுவே இடைவெளி விழும், பல் ஆடும்’ என்ற பயம் நம்மவர்களிடம் அதிகம். உண்மையில் அந்த இடைவெளியை அதுவரை அடைத்துக்கொண்டிருந்தது கெட்டிப்பட்ட பற்காரை. அதை எடுத்ததும் இருந்த இடம் தெரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, உட்கறை. பற்கள் உருவாகும் காலத்தில், அதாவது எட்டு வயதுக்கு முன்பு, டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பல்லில் சாம்பல் அல்லது பழுப்பு நிறப் பட்டைகள் விழலாம். தாய் கர்ப்ப காலத்தில் அந்த மருந்தை உட்கொண்டாலும் குழந்தையின் பற்களில் கறை ஏற்படலாம். இவ்வகைக் கறையை மங்கச் செய்யப் பல மாதங்கள் ஆகும். முழுவதும் மறையாமலும் போகலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாயில் ஒரே ஒரு பல் மட்டும் கறுத்து வந்தால், எப்போதோ பட்ட அடியில் அதன் உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக் குழாய்களும் செத்துப்போயிருக்கலாம். அந்தப் பல்லுக்கு முதலில் வேண்டியது வெண்மை ஜெல் அல்ல, எக்ஸ்-ரே. காரணம் தெரியாமல் நிறத்தை மட்டும் மாற்றினால் நோயை மூடி மறைத்ததாகிவிடும்.

ஜெல் செய்யும் வேலை

வெண்மைச் சிகிச்சைக்குப் பயன்படும் முக்கியப் பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது அதை வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு. இது பல்லைச் சுரண்டுவதில்லை. பற்சிப்பியின் ஊடே உள்ளே சென்று, நிறம் தரும் மூலக்கூறுகளை ஆக்சிஜனால் உடைத்து வெளிறச் செய்கிறது.

1989-இல் ஹேவுட், ஹேமன் எனும் இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இரவில் அணிந்துகொள்ளும் அச்சு முறையை வெளியிட்டார்கள். பல்லின் அளவுக்கேற்பச் செய்த மெல்லிய அச்சில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டுச் சில வாரங்கள் அணியும் முறை இது. இந்த ஜெல் வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் மூன்றரை விழுக்காடுதான். நீண்ட காலம் ஆராயப்பட்ட முறை என்பதால் பல மருத்துவர்கள் இதையே விரும்புகிறார்கள். கிளினிக்கில் அமர வைத்துச் செய்யும் முறையில் இதைவிட வீரியமான ஜெல் பயன்படுகிறது. அதனால்தான் அங்கே ஈறுக்குப் பாதுகாப்புப் பூச்சு போட்ட பிறகே தொடங்குகிறார்கள். நீல விளக்கு காட்டினால் பல் இன்னும் வெண்மையாகும் என்று விளம்பரம் செய்வார்கள். அந்த விளக்கால் நிலையான கூடுதல் பலன் உண்டு என்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

சரி, பற்சிப்பிக்கு என்ன ஆகிறது? சில ஆய்வுக்கூடச் சோதனைகளில் சிகிச்சைக்குப் பின் அதன் கடினம் சிறிது குறைவதாகத் தெரிந்திருக்கிறது. உமிழ்நீரும் புளோரைடும் அதைப் பெரும்பாலும் மீட்டுவிடுகின்றன. ஜெல் அமிலத்தன்மை உடையதாக இருந்தாலோ, வீரியம் மிகுந்திருந்தாலோ, சொன்ன நேரத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, அடிக்கடி திரும்பத் திரும்பச் செய்துகொண்டாலோ நிலைமை வேறு. மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பான பல்லில் கறை இன்னும் விரைவாகப் பிடிக்கும்.

பல் கூச்சம்தான் பொதுவாகக் காணப்படும் பக்க விளைவு. பெராக்சைடு சில நிமிடங்களிலேயே பல்லின் உட்கூழை எட்டிவிடுவதால் பலருக்குக் குளிர்ந்த நீர் பட்டால் சுரீர் என்று இருக்கும். சிகிச்சையை நிறுத்தினால் சில நாள்களில் தணிந்துவிடும். ஈறில் ஜெல் பட்டால் அந்த இடம் வெளுத்து எரியும்.

எலுமிச்சையும் உமிக்கரியும்

நேயர்கள் அதிகம் கேட்டது வீட்டு வைத்தியம் பற்றித்தான். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பற்சிப்பி கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் அளவு ஏறத்தாழ 2. அதை உப்புடன் கலந்து பல்லில் தேய்ப்பது, சுவரை ஊற வைத்துச் சுரண்டுவதைப் போன்றது. முதல் சில நாள்கள் பல் பளிச்சென்று தெரியும். அது கறை போன பளபளப்பு மட்டுமல்ல, பற்சிப்பியும் சேர்ந்து போன பளபளப்பு.

“தோட்டப்புறத்தில் எங்கள் தாத்தா பாட்டி உமிக்கரியில்தானே பல் துலக்கினார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அன்று கையில் கிடைத்ததை வைத்துத் துலக்கினார்கள். ஆனால் நெல் உமியில் சிலிக்கா மிகுதி. மணலிலும் இருப்பது அதே பொருள்தான். அதைக் கொண்டு வருடக்கணக்கில் அழுத்தித் தேய்த்தால் ஈறோரத்தில், அதாவது பற்சிப்பி மிக மெலிந்த இடத்தில், பள்ளம் விழும். இன்று அழகிய டப்பாவில் விற்கப்படும் கரிப்பொடியும் கிட்டத்தட்ட அதே கதைதான். அது பாதுகாப்பானது என்றோ பயன் தரும் என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு கூறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் கொண்டுவந்த விதிப்படி, 0.1 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெண்மைப் பொருள்களைக் கடையில் நேரடியாக விற்க முடியாது. 6 விழுக்காடு வரை உள்ளவற்றைப் பல் மருத்துவர் வழியாகவே பெற வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. ஆசியான் அழகுசாதன விதிகளைப் பின்பற்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடையில் விற்கும் பொருளுக்கு அதே 0.1 விழுக்காடுதான் வரம்பு. இணையத்தில் வாங்கும் பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு யார் உத்தரவாதம்?

மலேசியாவில் 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்தால் 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முகத்துக்குப் பூச்சு, நகத்துக்குச் சாயம் என்ற வரிசையில் பல்லையும் சேர்த்து ‘பேக்கேஜ்’ சொல்லும் அழகு நிலையங்களை நாடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் அங்கே முறையிட வழியும் இல்லை.

செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு

1. முதலில் பரிசோதனை. சொத்தை, விரிசல், ஈறு நோய், வேர் வெளியே தெரிதல் இருந்தால் அவற்றுக்குச் சிகிச்சை பெற்ற பிறகே வெண்மை.

2. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது. வளரும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

3. முன்பல்லில் அடைப்போ, செயற்கை உறையோ இருந்தால் அது வெளுக்காது. சுற்றியுள்ள பற்கள் மட்டும் வெளுத்து வேறுபாடு தெரியும். புதிய அடைப்பு போடுவதானால் சிகிச்சை முடிந்து சுமார் இரண்டு வாரம் கழித்துப் போட வேண்டும்.

4. திருமணத்துக்கு முதல் வாரம் ஓடாதீர்கள். இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். கூச்சம் வந்தால் இடைவெளி விட்டுச் செய்ய நேரம் இருக்கும்.

5. சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் மஞ்சள் தூக்கலான குழம்பு, கோப்பி, சிகரெட் ஆகியவற்றைத் தவிர்க்கவும். புளிப்பான பானம் குடித்த உடனே பல் துலக்காமல் வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுத்திருக்கவும்.

வெண்மை எப்படியும் நிலைக்காது. சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மெல்ல மங்கும். அப்போது மருத்துவரைக் கேட்டு மறுபடியும் செய்துகொள்ளலாம். பற்சிப்பிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளை எலுமிச்சையோடு கண்ணாடி முன் நின்றால் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளையின் வருத்தத்தைக் கேளுங்கள். பிறகு பக்கத்திலுள்ள பல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். பல் ஏன் நிறம் மாறியது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. வெண்மையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.