தானியங்கும் இல்லமும் மின்கட்டணமும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பர் நம் நாட்டார். மின்சாரத்தைக் கொண்டு வாழும் இக்காலத்தார்க்கு இஃது மிகவும் ஏற்ற அறிவுரையாகும். விளக்கையும் விசிறியையும் நேரமறிந்து தாமே நிறுத்துங் கருவிகள் இப்பொழுது கடைதோறும் விற்கப்படுகின்றன. கைபேசி வாயிலாக அவற்றை எங்கிருந்தும் ஏவலாம். இவற்றால் மின்கட்டணம் குறையுமா, குறையுமாயின் எவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டணமோ செலவு மிகமிகப் படிப்படியாக ஏறுவது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் வகுத்த விகிதப்படி, இரு திங்களில் 500 யூனிட் செலவிட்டவர் ரூ. 1,725 செலுத்த வேண்டியிருந்தது. 501 யூனிட் செலவிட்டவரோ ரூ. 1,958 செலுத்த வேண்டியிருந்தது. எல்லையைக் கடந்தவுடன் கீழ்ப்படிக்குரிய சலுகையிலும் ஒரு பகுதி நீங்கியமையே இதற்குக் காரணம். ஆகவே அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ. 233! விகிதங்கள் பின்னர் உயர்ந்தன. எனினும், எல்லையருகே நிற்கும் குடும்பத்திற்குச் சிறு சேமிப்பும் பெரும்பயன் தரும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

தருமபுரியினின்று சேலஞ் செல்லும் பெருவழியில், கணவாயை அடுத்துள்ள தொப்பூர் எம் ஊர். அங்கு எம் இல்லத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் கொள்ளும். தொட்டி நிரம்பி முற்றத்தில் நீர் வழிந்த பின்னரே அதனை நிறுத்த ஓடுவது எம் வழக்கம். நாடோறும் அரைமணி வீணாயின் இரு திங்களில் 30 யூனிட் போம். அரிய நீரும் உடன் போம். அடுக்களையில் அலுவலாயிருந்த அன்னையின் மறதியையே யாம் ஒவ்வொரு முறையும் கடிந்து வந்தோம்.

சென்ற கோடையில் தொட்டியினுள் மிதவைச் சுவிட்சு ஒன்றைப் பொருத்தினோம். நீர் உயர மிதவை எழும். எழுந்தவுடன் மின்னிணைப்பு அறும். இதற்கு இணையமும் வேண்டா, கைபேசியும் வேண்டா. முற்றம் உலர்ந்தது, கணக்கும் 500க்குள் அடங்கியது.

வெந்நீர்க் கருவிக்கும் இவ்வாறே காலங்காட்டிச் சுவிட்சு நலந்தரும். இரண்டாயிரம் வாட் கருவி அரைமணியில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடுமன்றோ?

ஆயினும் எல்லாவற்றையும் தானியக்க முயல்வது அறிவுடைமையாகாது. கைபேசியின் ஏவலுக்குக் காத்திருக்கும் சுவிட்சும் இரவும் பகலும் சிறிது மின்சாரம் உண்ணும். அஃது ஒரு வாட்டேயாயினும், அத்தகைய பத்துச் சுவிட்சுகள் அறுபது நாளில் 14 யூனிட்டுக்கு மேல் கொள்ளும். ஒன்பது வாட் விளக்கொன்றை நிறுத்த விலையுயர்ந்த கருவி வாங்குவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையேயாம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி சுழலும் 75 வாட் விசிறி இரு திங்களில் 54 யூனிட் கொள்ள, 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி 22 யூனிட்டுக்குள் அமையும். இங்குச் சுவிட்சை மாற்றுவதினும் விசிறியை மாற்றுவதே மேல்.

ஆதலின் கருவி வாங்குமுன் மீட்டரைப் பார்த்தல் வேண்டும். எப்பொருள் எத்துணை உண்கின்றது, எங்கே நாம் மறக்கின்றோம் என்றறிந்து, அவ்விடத்தில் மட்டும் தானியங்கியை அமர்த்துவோமாக. எம் வீட்டில் சேமித்தது சில யூனிட்டுகள் மட்டுமன்று; அன்னை கேட்டு வந்த கடுஞ்சொல்லும் அன்றோடு ஒழிந்தது.