கேரட்டும் ஒரு கரண்டி எண்ணெயும்

கம்மாபுரத்தில் நெல் விளையும், கரும்பு விளையும். விருத்தாசலம் பக்கம் போனால் செம்மண்ணில் முந்திரியும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளையும். கேரட் விளையாது என்பது ஊரார் பேச்சு. அது முக்கால்வாசி உண்மை. மிச்சமிருக்கும் கால்வாசியில்தான் என் கொல்லைப் பாத்தி இருக்கிறது.

அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கு இன்னும் ‘பால்வாடி டீச்சர்’தான். கேரட் மேல் எனக்கு அக்கறை வந்தது தோட்டத்தால் அல்ல, பிள்ளைகளின் கண்ணால். அந்தக் காலத்தில் தாய்மார்களிடம் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பொழுது சாஞ்சா புள்ள தட்டுத் தடுமாறுதா?” ஆமாம் என்றால் கண்ணின் வெள்ளை விழியைப் பார்ப்போம். சோப்பு நுரை ஒட்டியதுபோல் சாம்பல் வெள்ளைத் திட்டு தெரிந்தால், வைட்டமின் ஏ குறைந்துவிட்டது என்று அர்த்தம். மாலைக்கண் அதன் முதல் படி. கவனிக்காமல் விட்டால் கருவிழியே கெட்டுப் பார்வை போய்விடும்.

அந்த வைட்டமினுக்குக் கேரட் எப்படி உதவும் என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் பயிரைச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம் மார்க்கெட்டில் நாம் வாங்குகிற கேரட் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கியது. ஊட்டி, கேத்தி, கோத்தகிரி பக்கம் பிடுங்கி, மெஷினில் கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து, அங்கிருந்து லாரி ஏறுகிறது. நீலகிரிக்கு இங்கிலீஷ் காய்கறிகள் வந்தது கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், அதாவது 1820களில். கேரட் மலையை ஏன் தேடுகிறது என்றால், 15 முதல் 20 டிகிரி குளுமையில்தான் கிழங்கு நீண்டு தடித்து நிறமும் ஏறும். வெயில் கூடினால் கட்டையாகிவிடும், வெளிறிவிடும், நடுவில் நார் விழும்.

நமக்கு அந்தக் குளுமையில் கொஞ்சம் கிடைப்பது மார்கழியிலும் தையிலும். ராத்திரியில் 20 டிகிரிக்குப் பக்கம் இறங்கும். அதனால் கார்த்திகையில் அடைமழை ஓய்ந்ததும் விதைத்துவிட வேண்டும். தை பிறந்த பிறகு விதைத்தால் தழைதான் மிஞ்சும், ஆட்டுக்குப் போடலாம். விதையும் பார்த்து வாங்க வேண்டும். மலை ரகம் இங்கே சரிப்படாது. வெக்கை தாங்குவதற்கென்று டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்டாக்கிய பூசா கேசர் போன்ற ரகங்கள் இருக்கின்றன. விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் நம் மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று சொல்வார்கள்.

களிமண்ணில் போடாதீர்கள். கிழங்கு இறங்க வழி இல்லாமல் கோணிக்கொள்ளும். செம்மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்து, ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டால் மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. பச்சைச் சாணம் கூடவே கூடாது, வேர் இரண்டாக மூன்றாகக் கவைத்துவிடும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற பயிரும் இல்லை இது, நேரடி விதைப்புதான். விதை சீரகம் மாதிரி பொடிசு. மணலில் கலந்து கோடு கிழித்துத் தூவி, அரை விரல்கடைக்கு மண் மூடி, ஈரச் சாக்கு போர்த்திவிட வேண்டும். முளைக்கப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். அதற்குள் எறும்பு இழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. முளைத்ததும் சாக்கை எடுத்துவிட்டு, நெருக்கமாக இருப்பதைக் கலைத்து, செடிக்குச் செடி நாலு விரல் இடம் விடவேண்டும். இங்கேதான் பலருக்கும் மனசு வராது. முளைத்ததைப் பிடுங்குவதா என்று விட்டால் எல்லாமே பென்சில்தான். கிழங்கின் தலை வெளியே தெரிந்தால் மண் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பச்சையாகிக் கசக்கும். மூன்று, மூன்றரை மாதத்தில் பிடுங்கலாம்.

என் பாத்திக் கேரட் ஊட்டிக் கேரட்டின் பாதி நீளம்கூட வராது. விற்பதற்கு யாரும் இங்கே போட வேண்டாம், நஷ்டம்தான். வீட்டுக்கு மட்டும் போடலாம்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். நூறு கிராம் கேரட்டில் ஏறக்குறைய 88 கிராம் தண்ணீர். 40 கலோரி சொச்சம், 3 கிராமை ஒட்டி நார்ச்சத்து. நமக்கு வேண்டிய பீட்டா கரோட்டின் ரகத்தைப் பொறுத்து 5 முதல் 8 மில்லிகிராம். 1831இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தது கேரட்டிலிருந்துதான். உடம்பு இதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, ஆனால் கஞ்சத்தனமாக: சுமார் 12 பங்கு கரோட்டின் போனால் 1 பங்கு வைட்டமின் கிடைக்கும். அப்படியும் நடுத்தரக் கேரட் ஒன்று, மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் கொடுத்துவிடும்.

அதுவும் எண்ணெய் சேர்ந்தால்தான். இந்தச் சத்து கொழுப்பில் கரைவது. வெறும் கேரட்டைப் பச்சையாகக் கடித்தால் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமலே வெளியேறும். வேகவைத்தால் செல்சுவர் இளகிச் சத்து வெளிவரும், எண்ணெய் அதை உள்ளே கொண்டுபோகும். சின்ன வெங்காயம் வதக்கி, பயத்தம்பருப்பும் தேங்காயும் சேர்த்து, ஒரு கரண்டி மல்லாட்டை எண்ணெயில் செய்த பொரியலுக்கு முன்னால் வடிகட்டிய கேரட் ஜூஸ் நிற்காது. ஜூஸில் நாரும் போய்விடுகிறது.

“கேரட் தின்னா கண்ணாடியைக் கழட்டிடலாமா டீச்சர்?” என்று கேட்பார்கள். கழற்ற முடியாது. வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண்ணுக்குத்தான் அது மருந்து, கிட்டப்பார்வைக்கு அல்ல. இரண்டாம் உலகப்போரில் ஜான் கன்னிங்காம் என்ற பிரிட்டிஷ் விமானி இருட்டில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார். அவர் கேரட் தின்பதால்தான் கண் அப்படித் தெரிகிறது என்று அரசாங்கமே கதை பரப்பியது. உண்மையில் விமானத்தில் இருந்தது ராடார்.

இன்னொன்று. ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதறி வந்தாள், உள்ளங்கையும் பாதமும் மஞ்சள். காமாலைக்கு மந்திரிக்கக் கிளம்பியிருந்தாள். கண்ணைப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. காமாலை என்றால் கண்ணும் மஞ்சளிக்கும். தினமும் மூன்று வேளையும் கேரட் மசித்து ஊட்டியிருக்கிறாள். மஞ்சள் அதனால்தான் என்றேன், டாக்டரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். கேரட்டைக் குறைத்ததும் சில வாரத்தில் சரியாகிவிட்டது. காய் அளவு மீறினால் தோல் மஞ்சளாவதோடு போயிற்று. மாத்திரை அப்படியல்ல. பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பின்லாந்து ஆய்வில், புகைபிடிக்கும் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1994இல் முடிவு வந்தது. கடை மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

சர்க்கரைக்காரர்கள் மண்ணுக்கு அடியில் விளைவது என்று கேரட்டை ஒதுக்குகிறார்கள். நூறு கிராமில் சர்க்கரை 5 கிராம்தான், பொரியலாக ஒரு கைப்பிடி சாப்பிடலாம். அல்வாவைத்தான் ஒதுக்க வேண்டும்.

கேரட் வாங்கக் கட்டாத வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கொல்லை முருங்கைக் கீரையில் பீட்டா கரோட்டின் கேரட்டைப்போல் இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. அது எந்த வெயிலிலும் தழைக்கும், காசும் கேட்காது. சத்துக்காக மட்டும் என்றால் என் ஓட்டு முருங்கைக்குத்தான். கேரட்டின் பலம் வேறு: இனிப்பாக இருப்பதால் கீரையைத் துப்புகிற பிள்ளைகூட அதை முழுங்கிவிடும்.

ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிற வீட்டார் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். வைட்டமின் ஏ திரவம் ஒன்பதாவது மாதத்தில் தொடங்கி, அடுத்தது ஒன்றரை வயதை ஒட்டி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஐந்து வயதுக்குள் மொத்தம் 9 தவணை. விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள், இலவசமாகக் கொடுப்பார்.