வழுக்கையும் வாணிபமும்

தமிழகத்துச் சஞ்சிகைகள் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தன. கொழும்பு–கண்டி வீதியிலுள்ள வரக்காப்பொலவைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களிலும் அவற்றுக்கு வாசகர் இருந்தனர். அவற்றுள் ஒன்றான ஆனந்த விகடனை 1928இல் வாங்கிய எஸ். எஸ். வாசன், அதற்கு முன் விளம்பர முகவராயிருந்தவர். சிரிப்பும் விளம்பரமும் ஒரே ஏட்டில் வளர்ந்த காலம் அது.

அக்காலச் சஞ்சிகைகளிலே ஒரு பக்கத்தில் வழுக்கைத் தலையரைப் பற்றிய விகடத் துணுக்கு. மறு பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம். முன்னது நாணத்தை ஊட்டிற்று. பின்னது அந்நாணத்துக்கு விலை கூறிற்று.

தைலம் பலித்ததென்று பலர் நம்பியதற்கும் காரணம் உண்டு. நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சலுக்குப் பின்னரோ மகப்பேற்றின் பின்னரோ மிகுதியாக உதிரும் மயிர் சில மாதங்களில் தானே முளைக்கும். புகழோ புட்டியைச் சேரும். பரம்பரை வழுக்கை அத்தகையதன்று. அதனை எண்ணெய் மாற்றாது. 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினொக்சிடில் சிலருக்கு ஓரளவு உதவும். நிறுத்தினால் பயனும் நீங்கும். வழுக்கையைக் குணப்படுத்துவதாக எம்மருந்தும் உரிமை கோருதலாகாது என்று இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கின்றது.

ஆகவே, விகடத் துணுக்கைப் படித்து மனமாரச் சிரிக்கலாம். நாட்கூலியை அடுத்த பக்கத்துக்குக் கொடுக்குமுன் சற்றே சிந்தித்தல் நலம்.