தாளம் கேட்குது... ராகம் எங்கே போச்சு? காக்ளியர் இம்பிளாண்ட் எப்படி வேலை செய்கிறது?

காது கேட்காமல் போவது என்றால் டிவி வால்யூமைக் குறைத்து வைத்த மாதிரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், கீபோர்டில் சில கட்டைகள் மட்டும் வேலை செய்யாமல் போனால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அது.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உறுப்புதான் காக்ளியா. அதற்குள் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய முடி செல்கள் வரிசையாக இருக்கின்றன. நுழைவாயில் பக்கம் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த சுருதிக்கு, சுருளின் உள்முனையில் இருப்பவை கனமான தாழ்ந்த சுருதிக்கு. சுருக்கமாகச் சொன்னால், சுருட்டி வைத்த ஒரு கீபோர்டு.

வயதாலோ, இரைச்சலாலோ பெரும்பாலும் முதலில் பழுதாவது உயர்ந்த சுருதிப் பக்கம்தான். அதனால்தான் தாத்தாவுக்கு தவில் கேட்கும், ஜால்ரா கேட்காது. பேச்சிலும் 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகள் நழுவிவிடும். "சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்று அவர் சொல்வது சாக்கு இல்லை! மனிதர்களுக்கு இந்த செல்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது.

ஹியரிங் எய்டு போதாதா?

ஹியரிங் எய்டு ஒலியைப் பெரிதாக்கித் தரும். ஆனால் கட்டையே இல்லாத இடத்தில் எவ்வளவு அழுத்தி என்ன பயன்? காக்ளியர் இம்பிளாண்ட் வேறு வழியில் போகிறது. காதுக்கு வெளியே இருக்கும் மைக் ஒலியை வாங்கும். பிராசஸர் அதை சுருதிவாரியாகப் பிரிக்கும். காக்ளியாவுக்குள் செருகிய மெல்லிய கம்பியில் உள்ள மின்முனைகள், பழுதான செல்களைத் தாண்டி நேராக நரம்பைத் தூண்டும்.

சிக்கல் எண்ணிக்கையில்தான். 15 ஆயிரம் செல்கள் இருந்த இடத்தில், கருவியைப் பொறுத்து 12 முதல் 22 மின்முனைகள். போதாக்குறைக்கு, உள்காது திரவத்தில் மின்சாரம் பக்கத்திலும் பரவிவிடும். ஹார்மோனியத்தில் விரலுக்குப் பதிலாக உள்ளங்கையை வைத்து வாசிப்பது போல.

ஆச்சரியம் என்னவென்றால், பேச்சுக்கு இதுவே போதும். அமைதியான இடத்தில், ஒலியை நான்கே பட்டைகளாகச் சுருக்கிக் கொடுத்தாலும் மூளை பேச்சைப் புரிந்துகொள்கிறது என்று 1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இசைக்கு அது நடக்காது. தாளம் துல்லியமாக வந்துவிடும்; அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களைப் பிரித்தறிவதுதான் பெரும்பாடு. கமகங்களால் நிறைந்த கர்நாடக இசையைக் கேட்பவர்களுக்கு இந்த இழப்பின் அளவு புரியும்.

1978-ல் மெல்போர்னில் மருத்துவர் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட தன் கருவியை முதன்முதலில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பொருத்தினார். பரிசோதனையின்போது தேசிய கீதத்தின் மெட்டை ஒலிக்கவிட்டதும் சாண்டர்ஸ் சட்டென்று எழுந்து நின்றாராம். கருவி வேலை செய்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஒரே இசை, பல முயற்சி

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் சோரோஸ்டுக்கு சிறு வயதிலிருந்தே கேட்கும் திறன் குறைவு. 2001-ல் மிச்சமிருந்ததும் போனது. அவருக்கு உயிரான இசை, ராவெல் அமைத்த 'பொலேரோ'. இம்பிளாண்ட் பொருத்திய பிறகு அதில் டிரம் சரியாகக் கேட்டது, புல்லாங்குழல் அமுங்கித்தான் கேட்டது. மருத்துவர்களும் பொறியாளர்களும் மென்பொருளை மாற்றிப் பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்து மின்முனைகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டால், நடுவில் புதிதாக ஒரு சுருதியை உண்டாக்கலாம். அப்படி 16 மின்முனைகளிலிருந்து 100-க்கும் மேற்பட்ட சுருதிகள் கிடைத்தன. முழுதாக இல்லாவிட்டாலும் பொலேரோ திரும்பி வந்ததை 2005-ல் அவரே எழுதினார். கருவி அதேதான், அறுவை சிகிச்சையும் மறுபடி தேவைப்படவில்லை.

குழந்தைகளுக்கு ஏன் அவசரம்?

பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு, ஒலியைப் பிரித்தறிய மூளை கற்கும் காலம் முதல் சில ஆண்டுகள்தான். "கொஞ்சம் பெரிசானா பேசிடுவான்" என்று காத்திருப்பதுதான் ஆபத்து. தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. ஆனால் கருவி பொருத்தினால் மட்டும் போதாது. ஆன் செய்த பிறகு மாதக்கணக்கில் கேட்புப் பயிற்சி அவசியம்.

அதில் இசையும் உண்டு. பெரிய ஆர்கெஸ்ட்ரா வேண்டாம். ஒரே குரல், ஒரே வாத்தியம், ஏற்கெனவே தெரிந்த வரிகள். அம்மா பாடும் தாலாட்டில் தொடங்கலாம்.